கல்லும் விளக்கும்

இலை உதிரும் மாதங்களில் வலையில் மீனைவிட இலைதான் அதிகம் சிக்கும். நீர்த்தேக்கத்தைச் சுற்றி நிற்கும் மரங்கள் தங்கள் வருஷத்துப் பாரத்தையெல்லாம் தண்ணீரில்தான் இறக்கி வைக்கும். இலைகள் பழுப்பும் மஞ்சளுமாகச் சில நாள் மிதந்து, ஊறிக் கனத்து, மெல்லக் கீழே இறங்கும். வழியில் வலை நின்றால் அதன் கண்ணுக்கு ஒன்றாகக் குடியேறிவிடும். அதைப் பிய்த்தெடுப்பது அவள் வேலை. கரையோரக் கொட்டகையில் குறுக்குக் கழியில் வலையைத் தொங்கவிட்டு, விடிந்ததிலிருந்து நின்றபடியே எடுப்பாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிப் போகும்.

"நீங்க மீன் பிடிக்கிறவரு, நான் இலை பிடிக்கிறவ," என்பாள் கணவனிடம்.

அவன் சிரித்துக்கொண்டே, அவள் முடித்து வைத்த வலையை ஒரு முனையிலிருந்து இன்னொரு தரம் பார்த்துக்கொண்டு போவான்.

அந்தக் கரையில் அவனுக்கு எல்லாரும் வைத்த பெயர் ரெண்டுதரம். முடிச்சுப் போட்டால் ரெண்டு தரம் இழுத்துப் பார்ப்பான். படகைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கால் கழுவியவன், ஈரக் காலோடு மறுபடி போய்ப் படகைப் பார்த்துவிட்டு வருவான். கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சரியான எடத்துலதானே போட்டேன்?" என்று அதிகாரியை அவன் திருப்பிக் கேட்டது, அவனுடைய அக்கா அலுக்காமல் சொல்லும் கதை. கேட்கிறவர்கள் அலுத்துவிட்டார்கள். அக்காவுக்கு அலுக்கவில்லை.

அந்த நீர்த்தேக்கம் பக்கத்துப் பெருநகரத்துக்குக் குடிதண்ணீர். அதனால் என்ஜின் படகு கூடாது, துடுப்பு மட்டும்தான். எல்லாவற்றையும்விட, வலை உள்ளே தொலையக் கூடாது. தொலைந்த வலை ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். பிடித்ததை அழுகவிட்டுத் தண்ணீரைக் கெடுக்கும். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் நீர்க்காவலர் வருவார். ஒவ்வொரு குடும்பமும் தன் வலைகளைக் கரையில் விரித்துக் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் உரிமம் போய்விடும், படகு கரையேறிவிடும்.

போன வருஷம் அவளுடைய நாத்தனாருக்கு, அதாவது அந்தக் கதை சொல்லும் அக்காவுக்கு, அப்படித்தான் போனது. தண்ணீருக்கடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய மரங்களின் அடிக்கட்டையில் வலை மாட்டிக்கொண்டது. அறுத்தும் வரவில்லை, இழுத்தும் வரவில்லை. நாத்தனாரின் வீட்டுக்காரர் நகரத்தில் ஓர் அடுக்குமாடி வாசலில் காவலுக்குப் போய்விட்டார். நாத்தனார் தம்பியின் படகில் துடுப்புப் போட வந்துவிட்டாள். அவளுக்குக் கையும் வலிக்காது, வாயும் வலிக்காது.

குளிர் ஏற ஏற, கெண்டைகள் ஆழம் தேடிப் போகும். நீர்த்தேக்கம் கட்டுவதற்கு முன் அங்கே ஓடிய ஆற்றின் பள்ளம் இன்னும் அடியில் இருக்கிறது. அதில் போய்க் கூட்டமாகப் படுத்துக்கொள்ளும். பெரிய வலையை அங்கேதான் இறக்க வேண்டும். இடம் தெரிய மேலே மிதவை கட்டலாம்தான். ஆனால் நகரத்திலிருந்து பொழுதுபோக்க வருகிறவர்கள் வாடகைப் படகில் வந்து மிதவையை விளையாட்டுச் சாமானாக அறுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் இங்கே எல்லாரும் வலையை முழுசாக அமுக்கிவிடுவார்கள். மேலே ஒரு நூல்கூடத் தெரியாது. இடத்தைக் கண்ணால் குறித்து வைத்துக்கொள்வார்கள்.

குறிப்பதற்கு இரண்டு கோடு வேண்டும். படகில் நின்று ஒரு பக்கம் பார்த்தால், பம்புக் கொட்டகையின் குழாய் கரையிலிருக்கும் பட்டமரத்துக்குப் பின்னால் சரியாக மறைய வேண்டும். அது ஒரு கோடு. திரும்பி நகரத்துப் பக்கம் பார்த்தால், கரையில் நட்ட வெள்ளைக் கல்லுக்கு நேர் மேலே பழைய ஆலையின் புகைபோக்கி தெரிய வேண்டும். அது இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வலையின் முனை இருக்கும். திரும்பி வரும்போது படகை அதே இடத்தில் நிறுத்திப் பாதாளக் கரண்டியை இறக்குவார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் அதே பல கொக்கிக் கரண்டிதான். இழுத்தால் வலையின் மேல்கயிறு மாட்டிக்கொண்டு வரும்.

புதன்கிழமை காலையில் நாத்தனார் படகிலிருந்து இறங்கும்போது வாயைத் திறக்கவில்லை. அதுவே சரியில்லை.

"என்ன அண்ணி?"

"உன் புருஷனையே கேளு."

அவன் படகுக் கயிற்றை முளையில் கட்டினான். ஒரு தரம்தான் கட்டினான். இழுத்துப் பார்க்கவில்லை. 

"வலை இல்ல," என்றான்.

"இல்லன்னா?"

"போட்ட எடத்துல இல்ல. கரண்டியப் போட்டுப் போட்டுப் பாத்தாச்சு. வெறும் இலைதான் வருது."

"எவனாவது தூக்கிட்டுப் போயிருப்பான்," என்றாள் நாத்தனார், கடைசியில் வாய் திறந்து.

"யாருக்குக்கா தெரியும் அந்த எடம்? எனக்கே தெரியலயே."

"உனக்குத்தான்டா தெரியணும். நான் துடுப்பு போடறவ, என் மொகம் படகப் பாத்து இருக்கு. தெசை பாக்கறது உன் வேலை."

"கல்லு இருந்துச்சு, விளக்கு இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா நின்னுச்சு. ரெண்டு தரம் பாத்தேன்."

"எந்த விளக்கு?" என்று அவள் கேட்டாள்.

"ஆலைப் புகைபோக்கி தெரியலம்மா. புதுக் கட்டடம் இன்னொரு மாடி ஏறி மறைச்சிடுச்சு. இருட்டிட்டு வேற வந்துச்சு. அதுக்கு மேல ஒரு செவப்பு விளக்கு, ஏதோ கோபுர விளக்கு. அதத்தான் புடிச்சேன்."

அந்த நேரத்தில் அவள் விளக்கைப் பற்றி யோசிக்கவில்லை. வலையைப் பற்றித்தான் யோசித்தாள். கோடை முழுக்க உட்கார்ந்து, மேல்கயிற்றிலும் அடிக்கயிற்றிலும் ஒவ்வொரு கண்ணாகக் கோத்துக் கட்டியது அவள்தான். ஈயக் குண்டுகளைப் பல்லால் கடித்து அழுத்தியதில் முன்பல் ஓரம் உடைந்துகூடப் போயிற்று. அது இப்போது அடியில் எங்கோ நின்றபடி, அவர்கள் இல்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடித்ததைச் சாகடித்துக்கொண்டிருக்கிறது.

இலை எடுக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு அவளும் படகில் ஏறினாள். அன்று பகல் முழுவதும் இழுத்தார்கள். விஷயம் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. மற்றப் படகுக்காரர்கள் யாரும் கேட்காமலே தங்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் பக்கத்தில் கரண்டி போட்டார்கள். கொக்கியில் மரக்கிளை வந்தது, தார்ப்பாய் வந்தது, ஒரு சைக்கிள் ஹாண்டில்பார் வந்தது. நாத்தனாரின் கரண்டியில் ஒரு செருப்பு வந்தது.

"ஜோடியும் வந்தா போட்டுக்கலாம்," என்றாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்று தெரிந்ததும், செருப்பைப் படகுக்குள் போட்டுவிட்டு மறுபடி இழுத்தாள்.

அடியெல்லாம் மரக்கட்டை. கொக்கி மாட்டும்போதெல்லாம் மூச்சு நிற்கும். உலுக்கி எடுத்தால் கறுத்த பட்டை உரிந்து வரும். வெளிச்சம் மங்கும் வரை அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து சோறு வைத்தாள். அடுப்பங்கரையும் சாப்பிடும் இடமும் ஒன்றேயான சின்ன அறை. சன்னலைத் திறந்தால் படகுத்துறை தெரியும். அவன் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்கு எடுத்துப் போகவில்லை.

"சாப்பிடுங்க. நாளைக்கும் இழுக்கணும்ல."

"இழுப்போம். வெள்ளிக்கிழமை காவலர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"தொலைச்சிட்டேன்னு. அவரு கண்டுபிடிச்சு சொல்றதுக்கு முன்னால நாம சொல்லிடறது மரியாதை." கையைக் கழுவினான். "உரிமம் போனா போகட்டும்மா. எங்கயாவது மூட்டை தூக்கிப் பொழைச்சிக்கலாம். எனக்கு அது இல்ல. ரெண்டு தரம் பாத்தேன். ரெண்டு தரமும் சரியா இருந்துச்சு. இனிமே என் கண்ண நான் எப்படி நம்பறது?"

அவள் தட்டை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவன் படகைப் பார்க்கப் போகாமல் சன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் அவனும் அக்காவும் மறுபடி இழுக்கப் போனார்கள். அவள் தூண்டிலில் கிடைத்த கொஞ்சம் கெளுத்தியைக் கூடையில் எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் பஸ் ஏறினாள். போகாமல் இருக்க முடியாது. ஒரு நாள் காலியாக விட்டால் அந்த இடத்தில் வேறு யாராவது காய்கறி விரித்துவிடுவார்கள். நகரம் தொடங்குகிற இடத்தில் பஸ் திரும்பும் முனை. பக்கத்தில் டீக்கடை. பின்னால் கட்டட வேலை நடக்கும் இடத்துத் தகர வேலி. அந்த வேலிக்கு முதுகைக் காட்டி, மீன் பலகையை முன்னால் போட்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரை அவள் தலை நிமிர்வதில்லை. செதிள் சீவுவதும், வயிறு கீறுவதும், கழுவிக் கொடுப்பதும்தான்.

அன்று சூரியன் வேலிக்கு மேலே ஏறியபோது பலகைமேல் நிழல் ஒன்று விழுந்தது. வாங்க வந்தவர்கள் யாரோ என்று நினைத்து, "கெளுத்திதான் இருக்கு, கெண்டை இல்லீங்க," என்றாள். பதில் இல்லை. நிழல் பலகையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வழுக்கிக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் அதே வழியில் திரும்பி வந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வசந்தத்திலிருந்து தலைக்கு மேலேயே நிற்கும் கிரேன்தான். அதன் நீண்ட கை வானத்தில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கையின் நுனியில், வெயிலில் மின்னியபடி, சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கு ஒன்று.

கத்தியைப் பலகையில் வைத்தாள்.

"மாஸ்டர்," என்றாள் டீக்கடைக்காரரைப் பார்த்து. "அந்த நுனியில இருக்கிற விளக்கு எப்ப எரியும்?"

"சாயங்காலத்துலேர்ந்து விடியற வரைக்கும். விமானம் வந்து இடிச்சிடக் கூடாதாம். ஏன், உனக்கு ஒண்ணு வேணுமா?"

"அது ஆடுமா?"

"ஆடாம? அதோட பொழப்பே ஆடறதுதான்."

"யாரு ஓட்டறாங்க?"

"ஆகாசம்தான். மத்தியானம் எறங்கும், கேளு."

ஆகாசம் என்பது கிரேன் ஓட்டும் பெண்ணுக்கு டீக்கடைக்காரர் வைத்த பெயர். மஞ்சள் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரொட்டியைத் தானே கொண்டுவந்து, டீ மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போவாள். மீன்காரி அவளைத் தினம் பார்த்திருக்கிறாள். பேசியதில்லை. மத்தியானம் வரும் வரை இதைக் கேட்டால் பைத்தியம் என்று நினைப்பாளோ, கேட்காமல் போனால் என்ன ஆகும் என்று மாற்றி மாற்றி யோசித்தாள். கணவனின் குணம் தனக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது என்று தோன்றியது.

"தங்கச்சி, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"மேல தனியா ஒக்காந்து சிரிக்கறதே மறந்துபோச்சுக்கா. கேளுங்க."

"செவ்வாக்கிழமை சாயங்காலம் உன் கிரேனோட கை எந்தப் பக்கம் பாத்துட்டு நின்னுச்சு?"

ரொட்டியைக் கடித்த வாய் அப்படியே நின்றது. "ஏன்க்கா? யாரு மேலயாவது ஏதாவது விழுந்துச்சா?"

"ஐயோ, இல்லம்மா. எங்க வலை தொலைஞ்சுபோச்சு."

கிரேன்காரி டீக்கடைக்காரரைப் பார்த்தாள். டீக்கடைக்காரர் பாலைக் கவனித்தார். மீன்காரி உப்பு டப்பாவைப் பலகையின் நடுவில் வைத்தாள். இது கரையில் இருக்கிற கல்லு. டீ கிளாஸைத் தள்ளி அந்தக் கோடியில் வைத்தாள். இது உன் விளக்கு. ஒரு கெளுத்தியை எடுத்து இந்தக் கோடியில் வைத்தாள். இது எங்க படகு. படகிலிருந்து பார்த்தால் டப்பாவும் கிளாஸும் ஒரே நேரில் இருக்க வேண்டும். இப்போது கிளாஸை நகர்த்தினால்?

கிரேன்காரி குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கெளுத்தி இருந்த பக்கத்திலிருந்து பார்த்தாள். கிளாஸைத் தானே ஒரு விரலால் தள்ளினாள். கெளுத்தியையும் தள்ளி மறுபடி நேராக்கினாள்.

"உங்க வீட்டுக்காரரு என் விளக்க வெச்சுக் கோடு போட்டுட்டாரு," என்றாள்.

"அவருக்குத் தெரியாதும்மா. தூரத்துல, மங்கல்ல, வெறும் செவப்புப் புள்ளிதான் தெரிஞ்சிருக்கு."

"அக்கா, நான் எறங்கும்போது கைய பூட்டிட்டு வர மாட்டேன். பிரேக்க விட்டுட்டுத்தான் வருவேன். பூட்டி வெச்சா காத்து மோதி கிரேனையே சாச்சிடும். விட்டுட்டா காத்து போற பக்கம் அதுவே திரும்பிக்கும். செவ்வாக்கிழமை எறங்கும்போது காத்தே இல்ல. அதனால உங்க வீட்டுக்காரரு பாக்கும்போது அசையாம நின்னிருக்கும். அப்புறம் காத்து எழும்பியிருக்கு."

"அப்போ அது எங்க நின்னுச்சுன்னு..."

"இருங்க, யோசிக்கிறேன். கடைசியா என்ன தூக்கினேன்?" நெற்றியைத் தேய்த்தாள். "கம்பிக் கட்டு. இல்ல, அது திங்கக்கிழமை. செவ்வாய் பலகைக் கட்டு. பின்பக்க முற்றத்துல எறக்கினேன். கொக்கிய மேல இழுத்துட்டு, கைய அதுக்கு நேர் மேலயே விட்டுட்டு எறங்கிட்டேன்." நிமிர்ந்தாள். "அந்தப் பலகை இன்னும் பிரிக்கல. அங்கயேதான் கெடக்கு."

மீன்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. 

"நாளைக்கு விடியக்காலத்துல சீக்கிரம் ஏறிடறேன்," என்றாள் கிரேன்காரி. "எப்படியும் ஏறினதும் வெறும் கைய ஒரு சுத்து சுத்திப் பாக்கணும். அந்தப் பலகைக்கு நேர் மேல கொண்டாந்து நிறுத்தறேன். விளக்கையும் அணைக்காம வெக்கறேன். ஆனா வேலைச் சங்கு ஊதற வரைக்கும்தான்க்கா. அதுக்கு மேல நின்னா மேஸ்திரி கீழேர்ந்து கத்துவாரு."

"அது போதும்மா. அதுவே..." கூடையிலிருந்த பெரிய கெளுத்தியை எடுத்து இலையில் சுற்றப் போனாள்.

"மொதல்ல வலை வரட்டும்," என்று கிரேன்காரி கையை மறித்தாள். தொப்பியை மாட்டிக்கொண்டாள். "மேலேர்ந்து பாத்தா உங்க தண்ணிதான்க்கா தெரியும். படகெல்லாம் எறும்பு மாதிரி ஊரும். யாரா இருக்கும், இந்தக் குளிர்லன்னு நெனச்சுப்பேன். நீங்கதானா அது."

கரைக்கு வந்து சொன்னதும் நாத்தனார் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இரண்டு நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"ஆடற விளக்க வெச்சுக் கோடு போட்டவன் இந்தத் தண்ணியிலயே என் தம்பி ஒருத்தன்தான்."

"ரெண்டு தரம் பாத்தேன்க்கா. ரெண்டு தரமும் அசையலயே."

"ரெண்டு தரத்துக்கும் நடுவுல எவ்வளவு நேரம் விட்ட?"

அவன் யோசித்தான். "ஒரு மூச்சு."

"நல்லா பாத்த போ."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. மனைவியின் பக்கம் திரும்பி, "அந்தப் பொண்ணு நெசமாவே ஏறி நிறுத்தறேன்னு சொல்லிச்சா? யாரு என்னன்னு தெரியாத நமக்காகவா?" என்று கேட்டான். சொன்னாள். கொஞ்சம் பொறுத்து அதையே மறுபடி கேட்டான். அவளும் மறுபடி சொன்னாள். அன்று அவன் சாப்பிட்டான். பிறகு ஈரக் காலோடு படகைப் பார்க்கப் போனான்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது தண்ணீர்மேல் பனிமூட்டம் பஞ்சு அடைத்தது போல நின்றது. மூன்று பேரும் படகில் இருந்தார்கள். பட்டமரமும் அதன் பின்னால் பம்புக் கொட்டகையின் குழாயும் மங்கலாகத் தெரிந்தன. அந்தக் கோடு கிடைத்துவிட்டது. இந்தப் பக்கம் வெள்ளைக் கல் கிடைத்தது. அதற்கு மேலே இருக்க வேண்டிய நகரம் இல்லை. வெறும் வெள்ளை.

நாத்தனார் துடுப்பை மெல்ல அளைந்து படகை அந்தக் கோட்டிலேயே நிறுத்தினாள். குளிர் விரல் வழியாக ஏறியது. கரையில் சைக்கிள் மணி கேட்டது; பிறகு காவலரின் இருமல். ஈர வலைகளைக் கல்மேல் விரிக்கும் சத்தம் ஒவ்வொரு வீட்டின் பக்கமிருந்தும் வந்தது. தண்ணீருக்கு மேலே எல்லாச் சத்தமும் பக்கத்தில் கேட்கும்.

"சங்கு ஊதிடுச்சா?" என்றான் அவன்.

"ஊதல. கேட்டுட்டுதான் இருக்கேன்," என்றாள் அவள்.

"மேல அந்தப் பொண்ணு ஒக்காந்துட்டு இருக்கும் பாவம். நம்ம கண்ணுக்குத் தெரியாம."

"பேசாம பாருடா," என்றாள் நாத்தனார்.

மூட்டம் மேலேயிருந்துதான் கரையத் தொடங்கியது. முதலில் வானத்தில் ஒரு வெளுப்பு. பிறகு அதில் சிவப்பாக ஒரு பொட்டு. கல்லுக்கு வெகு தூரம் தள்ளி வலப்பக்கத்தில் இருந்தது. அவன் முகம் சுண்டிப்போயிற்று. "அங்க இல்லயே. அங்க இல்ல அது," என்றான். அப்போது பொட்டு நகர்ந்தது. யாரோ விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நடந்து வருவது போல, அவசரமில்லாமல் இடப்பக்கமாக வந்தது. கிரேன்காரி கையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. ஓர் இடத்தில் வந்து நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

"அக்கா, பின்னால தள்ளு. இன்னும். மரத்த விட்டுடாத, அந்தக் கோட்டுலயே போ. இன்னும் ஒரு இழுப்பு." கல் நகர்ந்து நகர்ந்து விளக்குக்கு அடியில் போய் நின்றது. "நிறுத்து."

அவர்கள் இரண்டு நாளாக இழுத்த இடத்திலிருந்து அது வெகு தள்ளி இருந்தது. அங்கே யாரும் ஒரு கரண்டிகூடப் போட்டிருக்கவில்லை.

கரண்டியை இறக்கினான். கயிறு கை வழியாக ஓடி ஓடி அடியில் தொட்டது. இழுத்தான். இலை வந்தது.

 அவன் இலையை உதறிவிட்டு, மறுபடி கல்லைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான். ரெண்டாம் தரம் இறக்கினான். இழுக்கும்போது பாதியில் கயிறு விறைத்தது. மரக்கட்டை என்றால் அப்படியே நின்றுவிடும். இது நிற்கவில்லை. கனமாக, முனகுவது போல, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே வந்தது.

அவள் பாய்ந்து போய் அவனோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்தாள். அந்த நேரத்தில் நகரத்துப் பக்கமிருந்து சங்கு ஊதியது, நீளமாக. சங்கு அடங்கியபோது சிவப்பு விளக்கு கல்லை விட்டு விலகி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. போனால் போகட்டும். கொக்கியில் அவள் கட்டிய மேல்கயிறு மாட்டியிருந்தது. அவள் போட்ட முடிச்சு அவளுக்குத் தெரியும்.

மேலே வந்ததெல்லாம் நல்லதாக இல்லை. முதலில் இலை, வாரி வாரி இலை. பிறகு செத்துப்போன கெண்டைகள், கண் வெளுத்து, தொட்டால் குழையும்படி. அவற்றைத் தண்ணீரில் விடக் கூடாது என்று சாக்கில் போட்டுக்கொண்டார்கள், கரையில் குழி வெட்டிப் புதைக்க. வலையின் அடிப்பாதியில், கடைசியாகச் சிக்கியவை உயிரோடு இருந்தன. ஒரு பெரிய கெண்டை வாலால் அடித்து மூன்று பேரையும் நனைத்தது. நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொள்ளவே இல்லை. போன வருஷம் வராத அவளுடைய வலையை நினைத்திருப்பாள். வலையின் கடைசிக் கண் படகுக்குள் வரும் வரை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

முழு வலையும் ஏறியதும் அவன் எழுந்து நின்று, துடுப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி நகரத்துப் பக்கம் காட்டினான்.

"ஒக்காருடா, படகு கவுந்துடும்," என்றாள் அக்கா. அவன் உட்காரவில்லை. அக்கா படகை நேராகப் பிடித்துக்கொண்டாள்.

காவலர் அவர்கள் விரிப்புக்கு வந்தபோது மற்றவர்களின் வலைகள் காயத் தொடங்கியிருந்தன. இவர்களுடையது சொட்டிக்கொண்டிருந்தது. இலை ஒன்றுகூட எடுக்கவில்லை. பக்கத்தில் சாக்கிலிருந்து வாடை வேறு.

"இப்பத்தான் எடுத்தீங்களா?"

"ஆமாங்க," என்றான் அவன். "எடம் தவறிப்போச்சு. செவ்வாக்கிழமை போட்டது. இன்னைக்குத்தான் கெடைச்சுது." மறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

காவலர் வலையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்தார். கிழிசல் இருக்கிறதா, துண்டு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தார். மூன்று பேரின் நனைந்த துணியையும் பார்த்தார். "முழுசா இருக்கு," என்றார். "சாக்க ஆழமா பொதைச்சிடுங்க. இலைய எடுத்துட்டுக் காயப்போடுங்க." சைக்கிளை நோக்கி இருமிக்கொண்டே போனார்.

அன்று மத்தியானம் அவள் பெரிய கெண்டையைத் துண்டு போட்டு வறுத்து, மூடிபோட்ட பாத்திரத்தில் அடைத்துக்கொண்டு நகரத்துக்குப் போனாள். கணவனும் கூட வந்தான். அவள் உட்கார்ந்து மீன் விற்கும் இடத்தை அவன் பார்ப்பது அதுதான் முதல் தரம். பலகையைப் பார்க்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாய் திறந்தபடி கிரேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். இரும்புக் கை கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேகத்தின் ஓரமாகத் திரும்பியது.

"இதையா நான் கோபுரம்னு நெனச்சேன்?" என்றான்.

கிரேன்காரி இறங்கி வந்ததும் அவள், "இவருதான்," என்றாள்.

"தெரியும்க்கா. துடுப்பத் தூக்கினாருல்ல. மேலேர்ந்து பாத்தேன். கத்தினேன்கூட. கேட்டிருக்காது." பாத்திரத்தைத் திறந்தாள். முகத்தில் ஆவி பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். "வீட்டுல வறுத்த மீனு தின்னு எத்தன நாளாச்சு."

அவன் ஏதோ சொல்ல வேண்டும் என்று வந்தவன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்ததை அவள் கவனித்திருந்தாள். இப்போது தொண்டையைக் கனைத்தான். "தங்கச்சி, இன்னைக்கு சாயங்காலம் கைய எங்க நிறுத்துவீங்க?" என்றான்.

டீக்கடைக்காரர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கிரேன்காரி மீன் முள் தொண்டையில் சிக்காமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன வெச்சு இனிமே கோடு போடாதீங்கண்ணா. கட்டடத்து உச்சியில லிப்ட் ரூம் கட்டி முடிச்சாச்சு, சதுரமா தெரியும். அது எங்கயும் போகாது. அதப் பாத்துக்கங்க."

அவன் தலையாட்டினான். பிறகுதான், சொல்ல வந்த வார்த்தை வந்தது. "ரொம்ப நன்றிம்மா," என்றான். அவ்வளவுதான். ஆனால் கையைக் கூப்பியதைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் அவன் லிப்ட் ரூமை வைத்துத்தான் கோடு போடுகிறான். சாயங்காலம் அவள் இலை எடுத்து முடித்துக் கையை உதறும் நேரத்தில், நகரத்தின் மேல் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கிவிடும். காற்றடித்தால் அங்கே இங்கே திரும்பிக்கொள்ளும். வலைக்கு அது உதவாது. ஆனாலும் படகைத் தண்ணீருக்குள் தள்ளுவதற்கு முன் அவன் நின்று ஒரு தரம் அந்தப் பக்கம் பார்ப்பான். அவளும் பார்ப்பாள். படகு மிதந்ததும், எதையோ மறந்தவன் போல, இன்னொரு தரம் திரும்பிப் பார்ப்பான்.